கணினித் திரை இருண்டுவிட்டால்



சிங்கப்பூரின் வடக்கு எல்லையை ஒட்டி இருக்கும் கிராஞ்சியை நம்மில் பலர் அறிவோம். 1996ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட தொடர்வண்டி நிலையத்தின் அருகில்தான், கடற்பாலத்தைக் கடந்து ஜோகூர் பாருவுக்குச் செல்லும் பேருந்துகளுக்காக மக்கள் மாலை வேளையில் வரிசை பிடித்து நிற்கிறார்கள். அக்கரையில் வேலை செய்து இக்கரையில் குடும்பம் நடத்தும் நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பவர்களே. அவர்கள் தம்பி தங்கையருக்காக வாங்கி வரும் பொருள்களுள் இப்போது மடிக்கணினியும் சேர்ந்திருக்கிறது. புதியது வாங்க வசதியில்லாதவர்கள், லிட்டில் இந்தியாவை அடுத்த ரோச்சோர் வட்டாரத்துக் கடைகளில் ஒருவர் பயன்படுத்திய பழைய கணினியை வாங்கி, 170ஆம் எண் பேருந்தில் ஏறி, கிராஞ்சி வழியாக வீடு வந்து சேர்கிறார்கள்.

அப்படி வந்த கணினி சில வாரங்களில் ஒரு நாள் திரை இருண்டு போனால் என்ன நடக்கிறது? "போச்சு, கெட்டுப் போச்சு" என்று வீட்டில் ஒரு குரல் எழும்புகிறது. கணினி அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. அல்லது யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு, மாற்ற வேண்டாத உறுப்பை மாற்றப் பணம் செலவாகிறது. பிள்ளையின் பாடமோ பாதியில் நிற்கிறது.

திரை இருண்டது என்றால் கணினி செத்துவிட்டது என்று பொருளல்ல. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காசு செலவில்லாமல் நாமே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். திருத்துவது கடைக்காரர் வேலையாக இருக்கலாம். கண்டுபிடிப்பது நம் வேலை. இதைத்தான் இன்றைய பேச்சில் விளக்கப் போகிறோம்.

இது எவ்வளவு முக்கியமானது என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. கடற்பாலத்தின் வழக்கமான போக்குவரத்தும் நின்றது. ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரிலும் பள்ளிப் பாடங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. இரு நாடுகளிலும் கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தவித்தார்கள். அப்போது சிங்கப்பூரில் 'இன்ஜினியரிங் குட்' என்னும் தொண்டு நிறுவனம், மக்கள் மூலையில் போட்டுவிட்ட பழைய மடிக்கணினிகளைத் திரட்டியது. தொண்டர்கள் அவற்றைச் சோதித்துப் பழுது நீக்கினார்கள். அவை வசதி குறைந்த குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கணினிகள்தாம் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பறையாயின. ஆகவே, ஒதுக்குமுன் சோதித்துப் பார்ப்பது வீண் வேலையன்று.

முதற்கண், திரையில் படம் எப்படித் தோன்றுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். இது விளங்கிவிட்டால், பின்னால் சொல்லும் சோதனைகள் தாமே விளங்கிவிடும்.

நம் வீட்டு மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றின் திரை திரவப் படிகத் திரையாகும். திரவப் படிகம் என்பது திரவம்போல் ஓடக்கூடியது. ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் உள்ளவைபோல் ஓர் ஒழுங்கில் நிற்கும். இதை முதலில் கண்டவர் கணினி அறிஞர் அல்லர். ஒரு தாவரவியல் அறிஞர். 1888ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு ஃபிரீட்ரிக் ரெய்னிட்சர், கேரட் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கி ஆராய்ந்தபோது, அது இருமுறை உருகுவதைக் கண்டார். முதலில் கலங்கிய திரவமாயிற்று. மேலும் சூடாக்கியபோது தெளிந்த திரவமாயிற்று. அந்தக் கலங்கிய நிலைதான் திரவப் படிகம்.

இந்தத் திரவப் படிகம் தானாக ஒளி விடாது. இரவில் வீட்டுச் சன்னலுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சன்னல் கதவைத் திறந்தால் வெளியே வெளிச்சம் தெரியும், மூடினால் தெரியாது. மடிக்கணினித் திரையும் அப்படித்தான். பின்னால் விளக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளின் நடுவே திரவப் படிகம் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படிக அடுக்கின் கனம், ஒரு தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்சாரம் அந்தப் படிகத்தைத் திருப்பித் திருப்பி, ஒளியை விடவும் தடுக்கவும் செய்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு சன்னல். பழைய மடிக்கணினிகளில் பரவலாக உள்ள ஒரு திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்கள். அவ்வளவையும் கணினியின் மூளை ஒரு மெல்லிய கம்பிவடத்தின் வழியாக ஆட்டி வைக்கிறது. அந்தக் கம்பிவடம், திரையைத் திறந்து மூடும் கீல் வழியாகச் செல்கிறது. தானே ஒளி விடும் புள்ளிகளைக் கொண்ட வேறு வகைத் திரையும் உண்டு. ஆனால் அது விலை உயர்ந்த கணினிகளிலேயே மிகுதி.

ஆக, நான்கு உறுப்புகளை நினைவில் வைப்போம். ஒன்று, மின்சாரம். இரண்டு, படத்தை உருவாக்கும் மூளை. மூன்று, படத்தைக் கொண்டுசெல்லும் கம்பிவடம். நான்கு, திரையும் அதன் பின்விளக்கும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியில் நீர் இருக்கிறதா, நடுவில் குழாய் அடைத்திருக்கிறதா, திருகுதான் பழுதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும்.

முதலாவது, மின்சாரத்தைப் பார்ப்போம். சுவரில் உள்ள பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டு, அது எரிகிறதா என்று பாருங்கள். சார்ஜரில் சிறு விளக்கு இருந்தால் அது எரிகிறதா? கணினியில் செருகும் முனை ஆடுகிறதா? இவை சரியாக இருந்தும் கணினி எழும்பவில்லை என்றால், சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியைத் தனியே கழற்ற முடிந்த கணினியானால் அதையும் கழற்றுங்கள். பிறகு, கணினியைத் தொடங்கும் பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நின்ற மின்னூட்டம் வடிந்துவிடும். மீண்டும் எல்லாவற்றையும் பொருத்தித் தொடங்குங்கள். கருத்த திரையோடு விழித்துக்கொண்டிருக்கும் கணினிகள் பல இந்த ஒரு செயலால் சரியாகிவிடுவதுண்டு. ஆனால், சேமிக்காமல் விட்ட பாடம் இதில் அழிந்து போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது, கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். விசிறி சுழலும் ஒலி கேட்கலாம். விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' என்று ஒரு விசை இருக்கும். அதை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிகிறதா? மறுபடி அழுத்தினால் அணைகிறதா? அப்படியானால் மூளை பெரும்பாலும் வேலை செய்கிறது. இருண்டது திரை மட்டுமே. மனக்கலக்கத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, விசைகளைப் பார்ப்போம். சூரியன் படம் போட்ட விசைகள் இரண்டு இருக்கும். ஒன்று ஒளியைக் கூட்டும்; மற்றொன்று குறைக்கும். சின்னப் பிள்ளையின் விரல் பட்டு, ஒளி அடியோடு குறைந்திருக்கலாம். சில கணினிகளில் 'எஃப்என்' என்ற விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அடுத்தது, படத்தை வெளித்திரைக்கு மட்டும் அனுப்பும்படி கணினி மாறியிருக்கலாம். விண்டோஸ் முறையில் இயங்கும் கணினியில், விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தியபடி 'பி' எழுத்தை ஒருமுறை தட்டி, பிறகு 'எண்டர்' தட்டிப் பாருங்கள். படம் வராவிட்டால் 'பி'யை இருமுறை, மும்முறை தட்டிப் பாருங்கள். மேலும் ஒரு வழி உண்டு. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளோடு 'பி' என்று ஒலிக்கும் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் ஒருசேர அழுத்தினால், படம் காட்டும் பகுதி மட்டும் புதிதாகத் தொடங்கும். முன்னே சொன்ன 'பி' ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து. இது இரண்டாம் எழுத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடியை மூடினால் திரை அணைவதற்காகப் பல கணினிகளில் காந்தத்தை உணரும் சிறு உறுப்பு வைத்திருக்கிறார்கள். காந்தப் பூட்டு வைத்த கைப்பேசி உறையோ காந்தக் கைவளையோ விசைப்பலகையின் மேல் இருந்தால், மூடி மூடப்பட்டது என்று கணினி ஏமாந்துவிடும். அவற்றை அப்புறப்படுத்திப் பாருங்கள்.

நான்காவது, கைவிளக்குச் சோதனை. அறையை இருட்டாக்கி, கணினியைத் தொடங்கி, கைவிளக்கின் ஒளியைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். உற்றுப் பார்த்தால், மங்கலாக எழுத்தோ படமோ தெரிகிறதா? தெரிந்தால், சன்னல்கள் வேலை செய்கின்றன. பின்னால் உள்ள விளக்குதான் எரியவில்லை. படம் உருவாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் எச்டிஎம்ஐ என்னும் துளை இருக்கும். மடிக்கணினியிலும் பெரும்பாலும் அது உண்டு. இரண்டையும் அதற்குரிய கம்பிவடத்தால் இணைத்து, தொலைக்காட்சியை அந்தத் துளைக்கு மாற்றுங்கள். வடம் இல்லாவிட்டால் அண்டை வீட்டில் கேட்கலாம், பள்ளியிலும் கேட்கலாம். தொலைக்காட்சியில் படம் தெளிவாக வந்தால், மூளை நலமாக இருக்கிறது. பழுது கம்பிவடத்திலோ திரையிலோதான். தொலைக்காட்சியிலும் எதுவும் வரவில்லை, அல்லது அதே கோடுகள் அங்கும் வருகின்றன என்றால், பழுது உள்ளே இருக்கிறது. அப்போது புதுத் திரை மாற்றிப் பயனில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் திரைக்குப் பணம் கொடுக்கவே கூடாது.

இனி, முழுதும் இருளாமல் வேறு விதமாகக் கெடும் திரைகளைப் பார்ப்போம். மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் கம்பிவடம் தேய்ந்தோ கழன்றோ இருக்கலாம். பொதுவாக வடம் மாற்றுவது திரை மாற்றுவதைவிடச் செலவு குறைந்தது. மை கொட்டியதுபோல் கருத்த திட்டு பரவினால், உள்ளே கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. அதற்கு மாற்றுத் திரை ஒன்றே வழி. கோடுகள் தெரிந்தால், கணினி தொடங்கியவுடன் அதைச் செய்த நிறுவனத்தின் சின்னம் தோன்றும் நேரத்தைக் கவனியுங்கள். அப்போதே கோடு இருந்தால் விண்டோஸின் குற்றமில்லை. திரை துடித்துக்கொண்டே இருந்தால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள்; ஒரு சிறு பட்டியல் திறக்கும். அந்தப் பட்டியலும் சேர்ந்து துடித்தால், படம் காட்டும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பட்டியல் துடிக்காமல் மற்றவை மட்டும் துடித்தால், அண்மையில் சேர்த்த ஏதோ ஒரு செயலி பொருந்தாமல் இருக்கலாம்.

இவ்வளவு சோதனையும் செய்தபின் கடைக்குப் போவோர் வெறுங்கையோடு போகவில்லை, விவரத்தோடு போகிறார்கள். "திரை கெட்டுவிட்டது" என்று சொல்வதற்குப் பதிலாக, "தொலைக்காட்சியில் நன்றாக வருகிறது, மூடியை அசைத்தால் படம் வருகிறது, கம்பிவடத்தைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். எந்த உறுப்பை மாற்றப் போகிறார், மொத்தச் செலவு எவ்வளவு, கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவாரா, எத்தனை நாளுக்குப் பொறுப்பேற்பார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விவரமாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றை மறக்கக் கூடாது. பிள்ளை எழுதிய கட்டுரையும் சேர்த்து வைத்த படங்களும் திரையில் இல்லை. உள்ளே இருக்கும் சேமிப்பகத்தில் இருக்கின்றன. திரை உடைந்தாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். தொலைக்காட்சியோடு இணைத்து, அவற்றை ஒரு சிறு நினைவுக் குச்சியில் எடுத்துக்கொண்ட பிறகே கணினியைக் கடையில் கொடுங்கள். "உள்ளே இருப்பதை அழிக்க வேண்டாம்" என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். திரையை மாற்ற இயலாத குடும்பத்துக்கு, தொலைக்காட்சியோடு இணைத்த கணினியே நல்ல மேசைக் கணினியாகப் பயன்படும். பணம் சேரும் வரை படிப்பு நிற்க வேண்டியதில்லை.

வாங்கும்போதே கவனித்தால் தொல்லைகள் பல குறையும். கடையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றையும் கறுப்புப் பக்கம் ஒன்றையும் திறந்து, புள்ளியும் திட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியைப் பலமுறை சாய்த்துப் பாருங்கள். ஒளியை முழுவதும் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். கால் மணி நேரமாவது ஓட விடுங்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. பழுது நீக்கித் தரவோ மாற்றித் தரவோ நாம் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் அதன் வயதையும் விலையையும் கணக்கில் கொள்வார்கள். நாம் கீழே போட்டு உடைத்ததற்கும், முன்பே தெரிந்து வாங்கிய குறைக்கும் இது பொருந்தாது. தனியார் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியதற்கும் பொருந்தாது.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலும் கவனம் வேண்டும். கிராஞ்சியில் ஏறும் கூட்டத்தில் பை நசுங்கும். அந்தக் கண்ணாடித் தகடுகள் எவ்வளவு மெல்லியவை என்று சொன்னோம். கணினியின் மேல் சார்ஜரையோ சோற்றுப் பாத்திரத்தையோ வைத்து அடைக்காதீர்கள். துணியில் சுற்றி, பையைக் குழந்தையைப்போல் முன்பக்கமாக அணைத்து வாருங்கள். வீட்டில், விசைப்பலகையின் மேல் எழுதுகோலை வைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடினால், அந்த நொடியே திரை போய்விடும். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். துடைக்கும்போது தண்ணீரைத் திரையில் நேராகத் தெளிக்கக் கூடாது. மென்மையான துணியைச் சற்றே ஈரமாக்கி, கணினியை அணைத்தபின் துடைக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். தின்பண்டத் துகள் விழுந்தால் எறும்பு உள்ளே குடியேறும்.

செய்யக் கூடாதவை மூன்று உண்டு. சார்ஜரை உடைத்துத் திறக்கக் கூடாது. அதனுள் ஆளைத் தாக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரி உப்பி, கணினியின் அடிப்பாகம் புடைத்திருந்தால், அதை மேலும் மின்னேற்றக் கூடாது, குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். உண்மையிலேயே பயனற்றுப் போன கணினியைக் குப்பையோடு சேர்த்து எரிக்கக் கூடாது. பழைய திரைகள் சிலவற்றின் விளக்கில் பாதரசம் உண்டு. மலேசியாவில் மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிகளின்படி தனியாகக் கையாள வேண்டிய கழிவாகும். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல், அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் பெரிய கடைகளுக்கும் சட்டப்படி உண்டு.

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டில் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கியது. பழுதான பொருளோடு வருபவருக்குத் தொண்டர்கள் அருகில் உட்கார்ந்து பழுது பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். நம் தோட்டங்களிலும் இது இயலாத காரியம் அன்று. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்திலோ பள்ளி வகுப்பறையிலோ, ஒரு கைவிளக்கும் ஓர் எச்டிஎம்ஐ வடமும் ஒரு தொலைக்காட்சியும் இருந்தால் போதும். இன்று கேட்ட சோதனைகளை இடைநிலைப் பள்ளி மாணவர்களே செய்து காட்டிவிடுவார்கள். கைவினை அறிந்த அண்ணன்மார் நம்மிடையே இல்லாமலா போனார்கள்?

வரிசையை மீண்டும் ஒருமுறை சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம், உயிர் அறிகுறி, விசைகளும் காந்தமும், கைவிளக்கு, தொலைக்காட்சி. இந்த ஐந்தையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். எந்தப் படியில் எது நடந்தது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் கணினியையும் சேர்த்துக் கடைக்குக் கொண்டு போங்கள்.